ரத வீதிக்குக் குறுக்கே ஒரு கேபிள்

பொறாமை என்றால் ஊரில் இல்லாத பொறாமையா? பக்கத்து வீட்டுக்காரன் ஸ்கூட்டர் வாங்கினால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ரெண்டு நாள் எரிந்துவிட்டுத் தானாக அணைந்துவிடும். தவசிமுத்துவின் வயிறு அணைகிற வயிறு இல்லை. உமிக்குள் பிடித்த தீ மாதிரி உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் அவனுக்குக் கம்ப்யூட்டர் லேபில் வேலை. தொண்ணூற்று மூன்றில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியபோது, பெட்டியைப் பிரித்து மேஜையில் தூக்கி வைத்தவன் அவன்தான். டிவி கேபிள் போன்ற கறுப்புக் கேபிளால் எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்து, ஒன்றில் எழுதியது இன்னொன்றில் தெரியும்படி செய்தவனும் அவன்தான். அந்தக் கேபிளில் ஓர் இடம் லூசானாலும் அறை முழுக்கப் படுத்துவிடும். தவசி ஒவ்வொரு மேஜைக்கடியிலும் தவழ்ந்துபோய் லூசான இடத்தைக் கண்டுபிடித்து, வேட்டியில் ஒட்டாத தூசியைத் தட்டிக்கொண்டே எழுந்து வருவான். நாலு பேர் பார்க்க வேண்டுமே! சர்வர் அறைச் சாவி எந்நேரமும் அவன் இடுப்பில் தொங்கும். கல்லூரியில் அவனுக்கு 'சிஸ்டம் தவசி' என்றே பெயர்.

தொண்ணூற்றெட்டில் கல்லூரி எதிர்வரிசையில் ஒரு புதுக் கட்டடம் வாங்கியது. புது செமஸ்டர் தொடங்குவதற்குள் வீதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நெட்வொர்க்காக ஆகிவிட வேண்டும், பழைய கறுப்புக் கேபிளைக் கழற்றி எறிந்துவிட்டு எல்லாம் புதிதாகப் போட வேண்டும், சர்வரும் எதிர்க் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும் என்று முதல்வர் சங்கையா முடிவு செய்தார். நெட்வொர்க் இன்சார்ஜ் என்று ஒரு பதவியும் வரப்போகிறது என்றார். தவசி அன்றைக்கே வீட்டுக்குப் போய் மனைவி நாச்சியாரிடம், "இனிமே நான் அசிஸ்டெண்ட் இல்லட்டி, இன்சார்ஜு" என்று சொல்லிவிட்டான். அவளும் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டாள்.

ஜூன் மாதம் அபுபக்கர் வந்து சேர்ந்தான்.

அவனுடைய அப்பா பட்டாளத்துக்காரர். வடக்கே கண்டோன்மெண்ட் கண்டோன்மெண்டாக வளர்ந்து, பூனாவில் நெட்வொர்க் படித்துவிட்டு, அப்பா ஓய்வு பெற்றதும் அம்மாவின் ஊரான இராஜபாளையத்துக்கு வந்தவன். தினமும் பஸ்ஸில் வந்துபோனான். தமிழ் பேசுவான், ஆனால் ஊர்நடப்பு ஒன்றும் தெரியாது. முதல்வர் இருவரையும் கூப்பிட்டு, "புது லைனை அபுபக்கர் போடட்டும். தவசி, நீரு கூடமாட இரும். ரெஜிஸ்ட்ரேஷன் அன்னைக்கு எல்லாம் ஒழுங்கா ஓடுச்சுன்னா இன்சார்ஜ் ஆர்டரைப் போட்டுருவோம்" என்றார். யாருக்கு ஆர்டர் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

முந்தி வந்த காதைப் பிந்தி வந்த கொம்பு மறைத்துவிட்டதே என்று அன்றிலிருந்து தவசிக்குச் சோறு இறங்கவில்லை. அபுபக்கர் வயரின் நுனியைச் சீவி, எட்டு நிறத்து இழைகளையும் வரிசையாக அடுக்கி, ஒரே அழுத்தில் முடிப்பதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வந்தது. அவனுடைய கட்டிங் பிளையருக்குத் தோல் உறை இருந்தது. அதைப் பார்த்தாலும் எரிந்தது. டைப்பிஸ்ட் மாரியாத்தாள் அவனை "அபு சார்" என்றாள். ஐந்து வருடமாகத் தவசியைத் "தவசிண்ணே" என்று கூப்பிட்டவள்தான், நேற்று வந்தவனுக்கு என்ன சார் வேண்டிக் கிடக்கிறது? பழைய கறுப்புக் கேபிளை அபுபக்கர் சுருட்டி, குப்பை என்று நினைக்காமல் பத்திரமாக மூலையில் வைத்தான். அப்படி அவன் மரியாதையாக வைத்ததுதான் தவசிக்கு எல்லாவற்றிலும் பெரிய எரிச்சலாக இருந்தது. தூக்கி எறிந்திருந்தால் ரெண்டு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"அவன்கிட்ட என்ன குறையக் கண்டிய?" என்று கேட்டாள் நாச்சியார்.

"ஒரு குறையும் இல்ல. அதாண்டி குறை" என்றான் தவசி.

ஆடி பிறந்தது. பூரத்துத் தேருக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. தேரன்றைக்கு உள்ளூர் விடுமுறை, மறுநாள் காலை புது செமஸ்டர் ரெஜிஸ்ட்ரேஷன். அதற்கு ஒரு வாரம் முன்னால் வீதிக்குக் குறுக்கே கேபிள் கட்டும் வேலை நடந்தது.

இதை அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். தேரோடும் வீதியில் எவனும் வயரை நிலையாகக் கட்டமாட்டான். கேபிள் டிவிக்காரனும் சரி, சீரியல் பல்பு போடுகிறவனும் சரி, ஒரு பக்கம் கொக்கி வைத்துத்தான் கட்டுவான். தேருக்கு முன்னால் கழற்றிவிட்டு, தேர் போனதும் மாட்டிக்கொள்வான். கரண்டுக் கம்பியையே அவிழ்த்துவிடுவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

அபுபக்கருக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியாது என்பது தவசிக்குத் தெரியும். தகரம் அடைத்து மூடி நின்ற தேரைக் காட்டி, "இது எந்தக் கம்பெனி குடோன்ணே?" என்று கேட்டவன் ஆயிற்றே. குடோன்தான் என்று தவசியும் தலையை ஆட்டியிருந்தான்.

மாடிக்கும் மாடிக்கும் இடையே இரும்புக் கம்பியை முறுக்கி இழுத்து, அதோடு கேபிளைச் சேர்த்து அழுத்தமாகக் கட்டினான் அபுபக்கர். கொக்கியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கட்டிவிட்டுக் கீழே எட்டிப் பார்த்து, "அண்ணே, இம்புட்டு உயரம் போதுமாண்ணே?" என்று கேட்டான்.

தேர் என்ற வார்த்தை தவசிக்கு வாய் வரை வந்தது. உள்ளே கனன்றுகொண்டிருந்த தீ அதை அங்கேயே கருக்கிவிட்டது.

"லாரி தாராளமாப் போகும்" என்றான்.

வீதியில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தவசிதான் பக்கத்தில் நிற்கிறானே, அவனுக்குத் தெரியாததா, நேரம் வந்தால் கழற்றிக்கொள்வான் என்று அவரவர் வேலையைப் பார்த்துப் போய்விட்டார்கள்.

தேரன்று விடிந்ததும் லைன்மேன் பால்ச்சாமி கரண்டுக் கம்பிகளை அவிழ்த்துக்கொண்டே வந்தவர், கல்லூரி முன்னால் நின்றார். நடப்பதைப் பார்க்க தவசி முன்னமே அங்கே வந்து நின்றிருந்தான். "ஏலே தவசி, இது உங்க காலேஜ் வயருதானல? ஏன் கழத்தாமப் போட்டிருக்கிய?"

"புதுசா ஒருத்தர் வந்திருக்காருண்ணே. அவரு கட்டுனது. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அவரைக் கூப்பிடு."

"அவரு ராஜபாளையத்துல இருக்காரு."

"அப்பம் வெட்டிரவா?"

போனைப் போட்டால் பஸ் பிடித்து வந்துவிடுவான். அவ்வளவு கூட வேண்டாம், மாடியேறி முறுக்கை அவிழ்க்கத் தவசிக்கே எவ்வளவு நேரம் ஆகும்? அவன் வீதியின் கடைசிவரை ஒருமுறை பார்த்தான். "வெட்டுங்கண்ணே" என்றான். கேபிள் ரெண்டு துண்டாகத் தொங்கியதைப் பார்த்தபோது பல வாரத்துக்குப் பிறகு அவனுக்குப் பசித்தது. வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து, வருடாவருடம் போல வடம் பிடித்தான்.

அந்த வருடம் தேர் ஒரே நாளில் நிலைக்குப் போய்ச் சேரவில்லை. சாயங்காலம் கல்லூரி வாசலுக்கு நேரே வந்து நின்றுவிட்டது. மீதியை நாளை இழுப்பது என்று ஊர் கலைந்தது.

மறுநாள் சேத்தூரிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் பெற்றோர்கள் பிள்ளைகளோடு வந்து வரிசையில் நின்றார்கள். பழைய கட்டடத்து மிஷின் ஒன்றிலும் ஒன்றும் வரவில்லை. எதிர்க் கட்டடத்து சர்வரோடு தொடர்பே இல்லை. அபுபக்கர் மாடிக்கு ஓடினான். அறுந்த கம்பி சுவரில் தொங்கியது. அதற்கும் எதிர் மாடிக்கும் நடுவில், அவன் தலைக்கும் மேலே உயர்ந்து நின்றது தேர். மறுபடி கட்டவும் வழியில்லை. தேர் நகர வேண்டும்.

கையால் எழுதி எழுதி வரிசை மத்தியானம் தாண்டியும் நின்றது. வெயிலில் நின்றவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் முதல்வர் பதில் சொன்னார். பிறகு இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"உயரம் போதுமான்னு அண்ணன்கிட்டக் கேட்டுத்தான் சார் கட்டினேன். லாரி போகும்னாரு" என்றான் அபுபக்கர். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னான்.

முதல்வர் திரும்பினார். "லாரி போகும்னீரா தவசி?"

"ஆமா சார்."

"தேரு?"

தவசி அந்த நேரம்வரை இந்தக் கேள்வியை நினைத்தே பார்க்கவில்லை. அபுபக்கர் எப்படி முழிப்பான் என்பதை மட்டும் வாரம் முழுக்க நினைத்து நினைத்து ரசித்திருந்தான். தெரியும் என்றால் துரோகி. தெரியாது என்றால் அந்த ஊரில் எந்த மடையன் நம்புவான்?

"மறந்துட்டேன் சார்."

"தேரை மறந்துட்டீரு." முதல்வர் எழுந்து கிட்டத்தில் வந்தார். "கையைக் காட்டும்."

தவசி காட்டவில்லை. நேற்று வடம் இழுத்ததில் உள்ளங்கை ரெண்டும் கொப்புளம்.

"தெரியாதவனுக்குச் சொல்லிக் குடுத்துக்கிடலாம்வே. தெரிஞ்சும் வாயைத் திறக்காதவனை வச்சு நான் என்ன செய்ய? சாவியை அபுபக்கர்ட்டக் குடுத்துட்டுப் போரும். நாளையிலேருந்து நூலகத்துல புத்தகம் அடுக்கும்."

இடுப்பிலிருந்து சாவியை அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று. அபுபக்கர் அதை வாங்கும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். ஏசியிருந்தாலாவது பதிலுக்கு ஏசியிருக்கலாம், அதற்கும் வழி வைக்கவில்லை பாவி.

நாலு மணிக்கு மேளம் கேட்டது. தவசி வாசலுக்கு வந்தபோது வடத்தைத் தூக்கிவிட்டிருந்தார்கள். தேர் ஒரு முனகலோடு அசைந்தது. அபுபக்கர் வீதியோரத்தில் நின்று, வாயைப் பிளந்தபடி உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். தேர் ஓடுவதை ஆயுசில் முதல்முதலாகப் பார்க்கிறவனின் முகம். பக்கத்தில் நின்ற பால்ச்சாமி, "என்ன தம்பி பாக்குதிய, வந்து பிடிங்க" என்று அவன் கையைப் பிடித்து இழுத்து வடத்தில் சேர்த்துவிட்டார்.

"ஏலே தவசி, நீயும் வாலே, இடம் கெடக்கு" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

வடத்தில் இன்னும் நூறு பேருக்கு இடம் இருந்தது. தவசிமுத்து போகவில்லை. சாவி போனதுகூட அந்த நிமிஷம் அவனுக்கு நினைவில் இல்லை. அபுபக்கரின் கை வடத்தில் எந்த இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றான்.