என் நாத்தனார் கழட்டின ஒயர் துண்டு

என் நாத்தனார் மோட்டார் மிஷினுக்கெல்லாம் கன்ட்ரோல் பேனல் ஒயரிங் பண்றவ. கொண்டையில டெஸ்டரைச் சொருகிக்கிட்டு அலைவா. எங்க வீட்டு மிக்ஸியை ரிப்பேர் பண்ணாகூட ஓடுதான்னு மட்டும் பாத்துட்டு விடமாட்டா. நிக்குதான்னும் நிறுத்தி நிறுத்திப் பாப்பா. "நான் என்ன விமானமா ஓட்டப் போறேன்?"னு எரிஞ்சு விழுவேன்.

என் வீட்டுக்காரர் ரொட்டிக் கம்பெனியில மாவு பிசையுற மிஷின்ல நிக்கிறவர். பேனல் கருகிப் போய், புதுசு கட்ட அவர் தங்கச்சியையே கூப்பிட்டாங்க. சாப்பாடு கொண்டு போன நான் வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னேன்.

அந்த மிஷின் மூடியில ஒரு சுவிட்ச். மூடி மூடியிருந்தா பேனலுக்கு சிக்னல் போகும், மோட்டார் ஓடும். திறந்தா சிக்னல் போயிடும், மோட்டார் நிக்கணும். இவர் அதை நம்பித்தான் மூடியைத் திறந்ததும் ஓரத்து மாவை வழிக்க உள்ள கையை விடுவார்.

"காலையிலயே ஓட்டிட்டியே, இன்னும் என்னத்த நோண்டுற?"ன்னு சூப்பர்வைசர் கத்தினார்.

"ஓட்டித்தான் பாத்தேன். நிக்குதான்னு பாக்கல. அண்ணே, கையைப் பின்னால கட்டு, திறக்கப் போறேன்."

"நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் பையனா?"

"அவனாவது சொன்னா கேப்பான். கட்டுண்ணே."

முணுமுணுத்துக்கிட்டே கட்டினார். அவ மிஷினை ஓட விட்டு, மூடியைத் திறந்தா. மோட்டார் நிக்கல! உள்ள இரும்புக் கொக்கி அது பாட்டுக்குச் சுத்துது.

பட்டனை அமுக்கி நிறுத்தி, பேனலுக்குள்ள இருந்து ஒரு குட்டி ஒயர் துண்டைக் கழட்டினா. காலையில மூடி வெல்டிங்குக்குப் போயிருந்தப்ப, மூடி இருக்கிற மாதிரி மிஷினை ஏமாத்தி ஓட்ட அவளே மாட்டினது.

"நான்தான் போட்டேன். எடுக்க மறந்துட்டேன்." முகம் வெளிறிப் போச்சு.

"போட்டதும் நீ, புடிச்சதும் நீயா?"ன்னார் சூப்பர்வைசர்.

"புடிச்சாளே சார், விடுங்க"ன்னார் இவர்.

மறுபடி ஓட்டித் திறந்தா. நின்னுச்சு. அப்புறமும் ஒவ்வொரு சுவிட்சா சோதிச்சிட்டுத்தான் வெளிய வந்தா. குழாயடியில கை கழுவுறப்ப உடைஞ்சிட்டா. "மறந்துட்டேனே அண்ணி..."

"மறந்த. ஆனா மறந்திருப்போமோன்னு பாத்த இல்ல? நானா இருந்தா அதுவும் செஞ்சிருக்க மாட்டேன். மூக்கைத் துடைச்சிட்டு வா, சோறு ஆறுது."

நன்றி கின்றின்னு எனக்குச் சொல்ல வராது. அவ தட்டுல நிறைய வச்சேன். இவரு இறுகிப் போன கேரியர் அடி அடுக்கோட ரெண்டு கையாலயும் மல்லுக்கட்டிக்கிட்டிருந்தார். எப்பவும் வெடுக்குனு பிடுங்கி நானே திறந்துடுவேன். அன்னிக்கு அந்த ரெண்டு கையையும் பாத்துக்கிட்டே இருந்தேன்.