மீட்டரக்காவும் மீன் வாடை அடித்த காரும்

மீட்டரக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். கார்களில் மின்சார வேலை பார்ப்பவள். மற்றவர்கள் சங்கிலி போடும் கழுத்தில் அவளுக்கு மின்சாரம் அளக்கும் மீட்டர் தொங்கும். டார்ச்சுக்கு பேட்டரி வாங்கினாலும் கடையிலேயே அளந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். அவள் தெருமுனையில் திரும்புவதைக் கண்டதும் கடைக்காரர் பழைய பேட்டரிகளை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்.

“கண்ணு, காது, மூக்கு எல்லாம் ஏமாத்தும். அதெல்லாம் மனுஷனோடது. மீட்டர் யாருக்கும் சொந்தக்காரன் இல்ல” என்பாள்.

இந்தக் கொள்கையால் அவளுக்கு நிறைய வேலை வந்தது. ஆனால் ஓர் அண்ணி கைவிட்டுப் போனாள். அண்ணன் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்த அன்று, புதிதாக வாங்கிய இஸ்திரிப் பெட்டியை அண்ணி பெருமையாகக் காட்டினாள். எல்லோரும் பிரமாதம் என்றார்கள். மீட்டரக்கா மட்டும் அதில் மீட்டரை வைத்துப் பார்த்தாள்.

“அண்ணி, இது ஷாக் அடிக்கும்.”

யாரும் நம்பவில்லை. விருந்தாளிகளில் ஒருவர் தொட்டுப் பார்த்தார். பிறகு நம்பினார்கள்.

அன்றிலிருந்து அண்ணி அவளோடு நேரடியாகப் பேசுவதில்லை. எதுவானாலும் அண்ணன் வழியாகத்தான். “உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க” என்று அண்ணி தொடங்குவாள். “அண்ணிகிட்ட சொல்லுண்ணா” என்று இவள் முடிப்பாள். இருவரும் ஒரே அறையில் இருந்தாலும் இதே ஏற்பாடுதான். அண்ணன் சம்பளமில்லாத தபால்காரர் ஆனார்.

அந்தத் தபாலில்தான் ஒரு நாள் கார் சமாசாரம் வந்தது.

அண்ணி வீடு வீடாகப் போகும் நர்ஸ். படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் துடைத்துக் கட்டுவாள், ஊசி போடுவாள், கூடவே நாலு கதையும் சொல்லுவாள். அவர்களால் பாதியில் எழுந்து போக முடியாது என்பதால் கதைகளும் நீளமாக இருக்கும். அவளுடைய கார் அவள் கல்யாணத்தைவிட மூத்தது. காலையில் சமர்த்தாகக் கிளம்பும். மூன்றாவது வீட்டுக்குப் போகும் வழியில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஆறினால் ஒன்றும் நடக்காதது போல மறுபடி கிளம்பும். வாசலில் நர்ஸுக்காகக் காத்திருந்தவர்கள் மேலிடத்தில் புகார் சொல்லிவிட்டார்கள். இன்னும் ஒரு தடவை தாமதமானால் வீட்டுச் சுற்று கிடையாது, அலுவலகத்தில் உட்கார்ந்து போன் எடுக்கும் வேலைதான் என்று அண்ணியின் மேலதிகாரி சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்த அண்ணி, காயாத துணிகளை மடித்து வைத்தாள்.

மீட்டரக்காவின் தகரக் கொட்டகைக்குக் கார் வந்தது. வந்தபோது நன்றாகத்தான் ஓடியது. நோயாளி டாக்டரைப் பார்த்ததும் குணமான கதை. அவள் முதலில் தீப்பொறி கொடுக்கும் காயிலை மாற்றினாள். மறுநாள் வெள்ளோட்டத்தில் கார் பாலத்தின் மேல் நின்றது. எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்புக்கு மின்சாரம் விடும் ரிலேயை மாற்றினாள். கார் இந்த முறை பாலத்தைத் தாண்டி நின்றது.

“முன்னேற்றம்தான்” என்றார் அண்ணன்.

அந்த இரண்டு தடவையும் காருக்குள் குனிந்தபோது மீட்டரக்காவுக்கு மீன் வாடை அடித்தது. அவள் சிரித்துக்கொண்டாள். காரணம் ஊருக்கே தெரியும். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடப் போவார். மீனைக் காரில் ஏற்றவே கூடாது என்பது அண்ணியின் சட்டம். ஏற்றவே இல்லை, பஸ்ஸில்தான் கொண்டுவருகிறேன் என்று அவர் சத்தியம் செய்தார். அண்ணி நம்பவில்லை. வாரம் தவறாமல் காரின் தரைவிரிப்பில் வாளி வாளியாகச் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். வாடை போகவில்லை, இன்னும் கூடியது. அண்ணன் மேல் இருந்த சந்தேகமும் கூடியது.

கடைசியில் மீட்டரக்கா, கார் ஓடும்போதே அளப்பது என்று முடிவு செய்தாள். எஞ்சினிலிருந்து நீள வயர் இழுத்து ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். அண்ணி ஓட்டினாள். அண்ணன் பின்சீட்டில், இருவருக்கும் நடுவில் தலையை நீட்டியபடி.

“அண்ணா, அண்ணிய கொஞ்சம் மெதுவா போகச் சொல்லு.”

“மெதுவாத்தான் போறேன்னு சொல்லுங்க.”

“ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு?” என்றார் அண்ணன். இந்தத் தபாலை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

பாலத்தை நெருங்கும்போது எஞ்சின் அணைந்தது. மீட்டரக்கா மடியைப் பார்த்தாள். கம்ப்யூட்டருக்குள் போகும் மின்சாரம் பழுதில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் எஞ்சினுக்கு அனுப்ப வேண்டிய ஐந்து வோல்ட்டைக் காணோம். சோறு உள்ளே போகிறது, வேலை வெளியே வரவில்லை.

“எஞ்சின் மேல தப்பு இல்ல. எஞ்சினுக்கு உத்தரவு போடுற கம்ப்யூட்டர்தான் படுத்துடுச்சு” என்றாள்.

“கம்ப்யூட்டரா? இந்தக் காருலயா?” என்றாள் அண்ணி. ஆச்சரியத்தில் நேராகவே கேட்டுவிட்டாள். உடனே சுதாரித்து, “எங்க இருக்குன்னு கேளுங்க” என்று புருஷன் பக்கம் திரும்பினாள்.

அது மீட்டரக்காவின் காலடியில், தரைவிரிப்புக்குக் கீழே இருந்தது.

கொட்டகையில் விரிப்பைத் தூக்கினாள். கீழே பிழிந்தால் ஒரு வாளி தேறும் அளவுக்கு ஈரம். பெட்டி போன்ற கம்ப்யூட்டரை வயரோடு வெளியே இழுத்துத் தொங்கவிட்டு, எஞ்சினை ஓடவிட்டாள். சூட்டில்தான் படுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

“அண்ணா, அண்ணியோட ஹேர் டிரையர் வேணும்.”

“அது முடிக்கு வாங்கினதுன்னு சொல்லுங்க” என்றாள் அண்ணி. ஆனாலும் போய் எடுத்துவந்தாள்.

சூடான காற்று பெட்டியின் மேல் பட்டது. முதலில் மீன் வாடை எழுந்தது. சந்தையில் கடை திறந்த மாதிரி. அப்புறம் எஞ்சின் நின்றது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். கரண்ட்டைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர்கள், விரல் நுனி அளவு உருளைகள், வயதாகி ஒழுகியிருந்தன. ஒழுகிய திரவம், உள்ளே மின்சாரம் ஓடும் பலகையின் செப்புக் கோடுகளைத் தின்றிருந்தது. மீன் வாடை அந்தத் திரவத்தினுடையது. மிச்சம் இருந்த கோடுகளைச் சோப்புத் தண்ணீர் பச்சைக் களிம்பு பிடிக்க வைத்திருந்தது. இனி ஒட்டிப் பிழைக்க வைக்க முடியாது.

மீட்டரக்கா கழுத்து மீட்டரைக் கழற்றிக் கீழே வைத்தாள். காயிலை மாற்றிய அன்றே மூக்கு சொல்லியிருந்தது. மூக்கு மனுஷனுடையது என்று அவள்தான் கேட்கவில்லை. அப்படி வீணான நாட்களில்தான் அண்ணியின் வேலை போன் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

“அண்ணிகிட்ட சொல்லுண்ணா. முதல் நாளே மோந்து பாத்திருந்தா முடிஞ்சிருக்கும். தப்பு என் மேலதான்.”

அண்ணி ஈர விரிப்பைப் பார்த்தபடி இருந்தாள். “தண்ணி ஊத்தினது யாருன்னு கேளுங்க உங்க தங்கச்சிய” என்றாள்.

தபால் இல்லாமலே இரண்டும் போய்ச் சேர்ந்தன.

பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்தில் அதே வகைக் கம்ப்யூட்டர்கள் ஒரு கூடை நிறையக் கிடந்தன. மீட்டரக்கா முதலில் எண்களைப் பார்த்தாள். கடைசி எழுத்து வரை ஒத்துப்போனவற்றை மட்டும் தனியே வைத்தாள். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு கியர் வைத்த காரின் மூளை. பிறகு ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோனாள்.

கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார். “ஏம்மா, மோந்து பாத்து வாங்க அது என்ன முலாம்பழமா?”

“முலாம்பழம் எஞ்சின ஓட்டாதுங்க” என்று சொல்லி, வாடையே இல்லாத ஒன்றை எடுத்துக்கொண்டாள். வழக்கம்போல மீட்டரை வைத்தும் பார்த்தாள். பழக்கம் லேசில் போகாது.

புதுப் பெட்டியைத் தரையில் பொருத்தாமல், தண்ணீர் எட்டாதபடி டேஷ்போர்டுக்கு அடியில் உயரக் கட்டினாள். ஹேர் டிரையரைக் காட்டினாள். ஓடிய எஞ்சின் நிற்கவில்லை. மறுநாள் அண்ணி மூன்றாவது வீட்டுக்கு மட்டுமல்ல, கடைசி வீட்டுக்கும் நேரத்துக்குப் போனாள். அங்கே படுத்திருந்தவருக்குக் கம்ப்யூட்டர் கதை முழுவதையும் சொன்னாள். போன் எடுக்கும் நாற்காலிக்கு வேறு ஆள் பார்த்தார்கள்.

வீட்டில் அண்ணனின் மானம் திரும்பி வந்தது. இத்தனை வாரம் சந்தேகப்பட்டதற்காக அண்ணி அவருக்கு ஒரு புதுத் தூண்டில் வாங்கிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு திங்கட்கிழமை காலை, சுற்றுக்குக் கிளம்பும் முன் அண்ணி கார்க் கதவைத் திறந்தாள். மீன் வாடை. அவள் முகம் வெளுத்தது. புருஷனைக் கூப்பிடவில்லை. நேராக மீட்டரக்காவுக்குப் போன் செய்தாள்.

“ஏம்மா, நான்தான் பேசறேன். கம்ப்யூட்டர் திரும்பவும் ஒழுகுது. கொஞ்சம் ஓடி வா.”

மீட்டரக்கா ஓடி வந்தாள். அண்ணன் வாசலில் நின்று, “அந்தக் கெபாசிட்டர் சனியன் விடாதும்மா” என்று வருத்தப்பட்டார். அவள் பெட்டியைத் திறந்து மோந்தாள். சுத்தம். மீட்டரை வைத்தாள். ஐந்து வோல்ட், குறையாமல். பிறகு மூக்கு காட்டிய வழியில் பின்னால் போய், டிக்கியைத் திறந்தாள். ஸ்டெப்னி டயரின் நடுவில் நாலைந்து செதில்கள் மினுங்கின.

“கம்ப்யூட்டர் நல்லா இருக்கு அண்ணி” என்றாள்.

அண்ணி செதில்களைப் பார்த்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. காரில் ஏறிச் சாவியைத் திருகினாள். எஞ்சின் ஒரே திருகலில் பிடித்துக்கொண்டது.

“உங்க அண்ணன்கிட்ட சொல்லும்மா” என்றாள் மீட்டரக்காவிடம். “இனிமே மீனு பஸ்லயே வரட்டும். அவரும்தான்.”

மீட்டரக்கா திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவர் இரண்டு அடி தூரத்தில்தான் நின்றிருந்தார்.

“அண்ணா, அண்ணி சொன்னாங்க...” என்று தொடங்கினாள்.