கப்பலுக்கு விட்ட தண்ணீர்

கீழ்வேளூருக்குக் கிழக்கே இருக்கிறது எங்கள் வயல். பண்ணைக்குட்டை வெட்ட வந்த ஜேசிபிக்காரர் திடீரென்று வண்டியை நிறுத்தி, "அக்கா, கீழ வீடு கீடு ஏதும் இருந்துச்சா? பலகையா வருது" என்றார். வயலுக்கு அடியில் எவன் வீடு கட்டுவான்? எரிச்சலோடுதான் எட்டிப் பார்த்தேன். கருஞ்சேற்றில் நீள நீளமாகப் பலகைகள் வளைந்து கிடந்தன. ஓர் ஆணிகூட இல்லை. விளிம்பெல்லாம் துளை போட்டுக் கயிற்றால் தைத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன். ஊறிய தேங்காய் நார்தான்.

படம் எடுத்துச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கணவருக்கு அனுப்பினேன். அவர் யார் யாரையோ பிடித்துத் தொல்லியல் அதிகாரி ஒருவரின் எண்ணை வாங்கிக் கொடுத்தார். படத்தைப் பார்த்ததும் அதிகாரியின் குரலே மாறிவிட்டது.

"பழைய பாய்மரக் கப்பல்ங்க. ஆறு அப்ப உங்க வயல் வழியா ஓடியிருக்கும். சேறுதான் இவ்வளவு காலம் காப்பாத்தியிருக்கு. காஞ்சா வெடிச்சுப் பொடியாயிடும்மா. ஈரச் சாக்கு போட்டு, சேத்தைப் பூசி, தண்ணி விட்டுக்கிட்டே இருங்க. வந்துடறோம்."

தண்ணீருக்கு எங்கே போவது? மேட்டூரில் திறந்தது எங்கள் கடைமடைக்கு வருவதற்குள் உயிர் போய்விடும். இருந்தது ஒரே போர்வெல். அதுவும் பாதி நேரம் காற்றைத்தான் கக்கும். அதை நம்பித்தான் குறுவைக்கு நாற்று விட்டிருந்தேன்.

ஆனாலும் குழாயைக் கப்பலுக்கே திருப்பினேன். இத்தனை காலம் கிடந்தது என் கையில் வந்து அழிந்தது என்ற பேர் எனக்கு வேண்டாம். காலையில் பூசிய சேறு மதியத்தில் பாளம் பாளமாக வெடித்தது. மறுபடி பூசினேன். போன் செய்தால், "மேல அனுமதி வரணும்மா, நாளைக்கு வந்துடும்" என்பார் அதிகாரி. அந்த நாளை வரவே இல்லை. நாற்று மஞ்சளடித்தது.

கணவருக்கு வீடியோவில் கப்பல், நாற்று இரண்டையும் காட்டினேன். "ரெண்டுல எதுக்குங்க தண்ணி விட?"

"இங்கேருந்து நான் என்னத்தைச் சொல்ல? நீயே பாத்துச் செய்."

பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டு, குழாயை இழுத்துப் போய் நாற்றங்காலில் போட்டேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றிருந்தேன். முதுகுக்குப் பின்னால் பலகைகள் வெடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஒருவழியாக அதிகாரி வந்தபோது, குட்டைக்குள் முறுக்கிக்கொண்டு பிளந்த கட்டைகள்தான் கிடந்தன. தையல் கயிற்றைத் தொட்டார். விரலோடு தூளாக வந்தது. நறுக்கென்று கேட்க எத்தனையோ வைத்திருந்தேன். என்னைவிடச் சின்னவர், பஸ்ஸில் வந்து வெயிலில் நடந்து வந்திருந்தார். கேட்க எனக்கு மனசு வரவில்லை. வரப்பில் உட்கார்ந்தார். பிறகு, எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தாரோ என்னவோ, வயல் பக்கம் பார்த்து, "நாத்து நல்ல பச்சையா இருக்குதும்மா" என்றார்.

அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.