சாவி போட்டால் மட்டும் எரியும் விளக்கு

எங்கள் சித்தப்பாவுக்குத் தெரியாத வேலை கிடையாது. ஒழுங்காகத் தெரிந்த வேலையும் கிடையாது. அம்மாவின் பைக்கில் அவர் பனி விளக்கு மாட்டிக் கொடுத்தார், நான் அதன் வயரைப் பிடுங்கிப் போட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். இன்றுவரை கேட்கவில்லை, இனியும் கேட்கிற உத்தேசம் இல்லை.

அப்போது நான் ஏழாவது. அப்பா திருப்பூரில் வேலை பார்த்தார், மாதம் ஒருமுறை வருவார். அவர் விட்டுப்போன பைக்கை அம்மா ஓட்டினாள். காலை ஆறு மணிக்குக் கிளம்பி அரவேணு பேக்கரியில் வர்க்கியும் பன்னும் ஏற்றி, கட்டபெட்டு வரைக்கும் டீக்கடைகளுக்குப் போடுவாள். சுடிதாருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் அப்பாவின் ரெயின்கோட். அதைப் பார்த்து ஊரில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பாவுக்கு மட்டும் வெளியே தலைகாட்ட முடியவில்லையாம். அவர் பக்கத்து வீடு, ஒரே வாசல், தினமும் பார்த்தாக வேண்டும், பாவம்.

பனியில் எதிரே வருவது தெரியவில்லை என்று அம்மா இரண்டு விளக்கு வாங்கி வந்தாள். கடையில் மாட்டினால் தண்டச்செலவு என்று சித்தப்பாவே ஸ்பேனரோடு வந்துவிட்டார். வயரை நேராகப் பேட்டரியில் கட்டினார், ஹேண்டில்பாரில் ஒரு சுவிட்ச் வைத்தார். சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும். அதை ஒரு பெரிய வசதியாக வேறு எங்களுக்குச் சொன்னார்.

இரண்டே வாரத்தில் வண்டி காலையில் கிளம்ப மறுத்தது. தார்ப்பாயை விலக்கினால் சுவிட்ச் ஆனிலேயே கிடக்கிறது, பேட்டரி செத்துக்கிடக்கிறது. கிக்கர் இல்லாத வண்டி அது. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமென்றால் வீடு பள்ளத்தில், ரோடு வரைக்கும் ஏற்றம். அம்மா பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் கடைக்காரர்கள் வேறு ஆளிடம் பன் வாங்கியிருந்தார்கள். அடுத்த பத்து நாளில் இன்னும் இரண்டு தரம் இதே கதை.

ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து நாலு மணிக்கே வந்துவிடுகிற சித்தப்பா, தூங்காமல் எழுந்து வந்து தீர்ப்புச் சொன்னார். "ஏனுங்க அண்ணி, ஒரு சுவிட்சை ஆஃப் பண்ணக்கூட ஞாபகம் இருக்காதுங்களா? இதுக்குத்தான் பொம்பளைங்களுக்கு வண்டி ஆகாதுங்கறது."

"நான் ஆஃப் பண்ணிட்டுத்தான் தம்பி உள்ள வந்தேன்" என்றாள் அம்மா. யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

விஷயம் போனில் அப்பாவுக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்ததும் வண்டி சித்தப்பாவுக்கு, அம்மா பழையபடி எஸ்டேட்டில் இலை பறிக்க வேண்டியது என்று ஏற்பாடாகிவிட்டது.

எனக்கு வந்ததே கோபம்! அம்மாவுக்கு ஆயிரம் வேலை, மறப்பாள்தான். மறந்தாலும் வண்டி சாகாதபடி கட்டத் தெரியாதவருக்கு வாய் மட்டும் எதற்கு? அம்மாவின் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். பின்விளக்குக்குப் போகிற வயரில் சாவி போட்டால்தான் கரண்ட் வரும். சுவிட்சுக்கு அதிலிருந்து கரண்ட் எடுத்து, நடுவே ரிலே என்கிற சின்னக் கறுப்புப் பெட்டியை வைத்துவிட்டால், சாவியை உருவியதும் விளக்கு தானாக அணைந்துவிடும். உண்டியலைக் குலுக்கி ரிலே வாங்கினேன். கடைக்கார பாய், "யாருக்குப் பாப்பா?" என்றார். "எங்க அம்மாவுக்கு" என்றேன்.

சனிக்கிழமை மதியம் அம்மா சந்தைக்குப் போய், சித்தப்பாவும் அசந்து தூங்குகிற நேரம் பார்த்து சீட்டைக் கழற்றினேன். டார்ச் பல்பில் இரண்டு வயர் கட்டி, எதில் எப்போது கரண்ட் வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எங்கள் ஊர் ஈரத்தில் டேப் ஒட்டாது. அக்குளில் வைத்துச் சூடுபண்ணி ஒட்டினேன். சாவியைப் போட்டேன், எரிந்தது. எடுத்தேன், அணைந்தது. வாசலிலேயே ஒரு குதி குதித்தேன். சாயங்காலம் சுவிட்சை நானே ஆஃப் பண்ணி, தார்ப்பாயையும் நானே மூடினேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அப்பா வந்து சேர்ந்த கையோடு எல்லோரும் வாசலில் நின்றோம். "பாருங்கண்ணா, இன்னைக்கும் கெளம்பாது" என்று சித்தப்பா கொட்டாவி விட்டார். அம்மா தார்ப்பாயை விலக்கிச் சாவியைத் திருப்பினாள். பளிச்சென்று எதிர்ச்சுவர் முழுக்க வெளிச்சம்.

"பாத்தீங்களா? ஆன்லயே கெடக்குது!" என்று சித்தப்பா கத்தி முடிப்பதற்குள் அம்மா பட்டனை அழுத்த, வண்டி ஒரே தட்டில் உறுமியது. சித்தப்பாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

"நாந்தான் மாத்துனேன்! சாவிய எடுத்தா இனி லைட்டும் செத்துரும். எங்கம்மா மறந்தா மறந்துட்டுப் போகட்டும், உங்களுக்கென்ன?" என்று கத்தினேன்.

சித்தப்பாவின் முகம் கறுத்தது. பெரியவர் செய்த வேலையில் கை வைத்த திமிருக்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அப்பா சங்கடப்பட்டு, "கேட்டுரு கண்ணு, முடிஞ்சுது" என்றார். மாட்டேன் என்றேன். அடித்தாலும் மாட்டேன் என்றேன். அம்மா எரிகிற விளக்கைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள். பிறகு, அவள் குரலா என்று நான் திரும்பிப் பார்க்கும்படி, "அவ கேக்க மாட்டா. வண்டியும் எங்கிட்டத்தான் இருக்கும்" என்றாள். விளக்கை அணைக்காமலே ஏற்றத்தில் ஏறிப் போனாள்.

திரும்பி வந்ததும் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "நேத்து சாயங்காலம் சுவிட்சை ஆஃப் பண்ணுனது யாரு?"

"நாந்தான்" என்றேன், அதற்கும் ஒரு பாராட்டு கிடைக்குமென்று. அவள் என் தலையைத் தடவிவிட்டுப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

வயரைச் சரிசெய்து அம்மாவின் மறதியைக் காப்பாற்றிவிட்டேன் என்று வருஷக்கணக்கில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். சாயங்காலம் என் கையால் அணைத்த சுவிட்ச் காலையில் ஆனில் இருந்தது. நடுவில் அந்த வாசல் வழியாக வந்தவர் ஒரே ஒருவர், நாலு மணிக்கு. அம்மா ஒருநாளும் மறக்கவில்லை. மன்னிப்பு ஒன்று நான் கேட்டிருக்க வேண்டுமென்றால், அது அவளிடம்தான்.