விசாலாட்சிக்கு ஒரு பூசை

குருநகர் சிமியோனுக்கு இந்த உலகத்தில் பிடிக்காத முகம் ஒன்று உண்டென்றால், அது தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து அழுகிற அவருடைய மனைவி லூர்த்தம்மாவின் முகம்தான். மூக்கைத் துவாயில் சிந்திச் சிந்தி, அதே துவாயால் வாயையும் துடைப்பாள். சீ! அறுபத்தெட்டு வயது வரைக்கும் நாறல் மீனும் நண்டும் அளைந்த கை சிமியோனுடையது. எந்த நாற்றத்துக்கும் முகம் சுழிக்காத மனிதர். ஆனால் பின்னேரம் அந்த நாடகத்தின் பாட்டுத் தொடங்கினால் போதும், சாப்பிட்டது குமட்டிக்கொண்டு வரும்.

நாடகத்தில் விசாலாட்சி என்று ஒருத்தி. பெரிய வீட்டு மருமகள், பட்டுச்சேலையோடுதான் படுக்கைக்கே போவாள். அவளுடைய மாமியார் பாலில் என்னத்தையோ கலந்து கொடுத்த அன்று லூர்த்தம்மா எழும்பி நின்று, "குடியாதை பிள்ளை, குடியாதை!" என்று கத்தினாள். அடுப்பில் சொதி பொங்கி வழிந்தது. மூன்று கிழமை விசாலாட்சி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் எழும்ப வேண்டுமென்று லூர்த்தம்மா அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்து, இருபத்தொரு நாளும் மீன் தொடவில்லை. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன் வீட்டில் பருப்பும் கீரையும்! கடைசியில் விசாலாட்சி செத்தே போனாள். "துலைஞ்சுது சனியன்" என்று சிமியோன் நிம்மதியாக ஒரு பீடி பற்றவைத்தார்.

அவருடைய எரிச்சலுக்கு வேறொரு காரணமும் இருந்தது. அவர்களுடைய ஒரே மகன் ஜெறோம் ஒன்பது வருடத்துக்கு முன்னம் தொழிலுக்குப் போய்ப் புயலுக்குள் அகப்பட்டவன், திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் வள்ளம் மட்டும் கவிழ்ந்தபடி வந்து ஒதுங்கியது. கடலை அறிந்த சிமியோனுக்கு அதற்கு மேல் ஒருவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. மகனுடைய பெயரைக் கோயிலில் வாசிப்பித்து, அவன் ஆத்துமாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும், தன் கண் மூடுமுன் அது ஒன்றே போதும் என்று வருடா வருடம் கேட்டார். "என்ரை பிள்ளைக்குச் செத்தவைக்குக் குடுக்கிற பூசையோ? முதல்லை வாயைக் கழுவுங்கோ" என்று லூர்த்தம்மா எழும்பிப் போய்விடுவாள். அவளை மீறிச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை.

விசாலாட்சி செத்த அடுத்த சனிக்கிழமை காலை இருவரும் கோயிலுக்குப் போனார்கள். பங்குக்குப் புதிதாக வந்த இளம் சுவாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். "மரியநாயகம், பிலோமினா, விசாலாட்சி... இவர்களின் ஆத்தும இளைப்பாற்றிக்காக மன்றாடுவோம்."

பின்வாங்கில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். லூர்த்தம்மா முழங்காலில் நின்று, கண்ணை மூடிச் சிலுவை அடையாளம் போட்டாள். சிமியோனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கத்தில் நிற்கிறவள் தன் மனைவி என்று நினைக்கவே அருவருத்தது. மகனுக்குக் கொடுக்க விடாத பூசையை, முகத்தில் மா அப்பிய ஒரு கூத்தாடிக்கல்லவா கொடுத்திருக்கிறாள்!

வீட்டுப் படலை வரைக்கும்தான் பொறுத்தார்.

"உனக்கு வெக்கம் ரோசம் ஏதும் இருக்கோடி? உவள் என்ன, உண்மையாச் செத்தவளோ? இப்ப வேறை நாடகத்திலை பொட்டும் பூவுமாய்த் திரியிறாள்! பெத்த பிள்ளைக்கு ஒரு பூசை குடுக்க விடாதவள், உவளுக்கு முழங்காலிலை நிக்கிறாய். தூ! உன்னைப் பாக்கவே எனக்கு வயித்தைப் பிரட்டுது."

லூர்த்தம்மா முக்காட்டை எடுத்து மெதுவாக மடித்தாள்.

"ஓம், நடிப்புத்தான். அது தெரியாமலிருக்க எனக்கென்ன விசரோ? ஆனா அவளைக் குளிப்பாட்டினதைக் கண்டனான். பாடையிலை வைச்சதைக் கண்டனான். முகத்தை மூடினதையும் கண்டனான். வாய்விட்டு அழுதன், பூசையும் குடுத்தன், முடிஞ்சுது. என்ரை பிள்ளையின்ரை முகத்தை எனக்கு ஆர் காட்டினது? ஒருக்காக் காட்டுங்கோ, நாளைக்கே நானே போய் அவன்ரை பேரைக் குடுத்திட்டு வாறன்."

சிமியோனுக்கு இவ்வளவு நாளும் அவள் மேல் இருந்த அருவருப்பு, திரும்பி அவர் மேலேயே வந்து விழுந்தது.