அய்யனாரின் பயணப்படி

அய்யனார் பாகூரில் ஒரு தனியார் விதைக் கம்பெனியின் களப்பணியாளர். கம்பெனி விதை போட்ட வயல்களுக்குப் போய்ப் பயிரைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவது அவர் வேலை. அதற்காகச் சம்பளத்தோடு மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் பயணப்படி உண்டு. பதினொரு வருஷத்தில் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட அவர் பயணத்துக்குச் செலவழித்ததில்லை. சொந்த வண்டி கிடையாது. சாலையோரம் நின்று கையைக் காட்டுவார். டிராக்டர், பால் வண்டி, கரும்பு லோடு என்று எது நின்றாலும் ஏறிக்கொள்வார். ஒருமுறை கல்யாணப் பந்தல் சாமான்களுக்கு நடுவே, மணமக்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெட்டப்பாக்கம் போய் இறங்கினார். பயணப்படி முழுதும் அவர் மனைவி மகாலட்சுமியின் கையில் மளிகையாக மாறியது.

போன ஜூலையில் தவளக்குப்பம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பயணப்படியில், வேலைக்காக உண்மையாகவே செலவான தொகைக்குத்தான் வரிவிலக்கு. மீதி வரிக்குரிய வருமானமாகச் சேர்க்கப்படும். மாதாமாதம் செலவு விவரம் தரவேண்டும்.

அய்யனாருக்கு வேர்த்துவிட்டது. பொய் எழுத அவருக்கு வராது. பூச்சி தின்ற இலைகளை எண்ணச் சொன்னால் அரை இலையையும் கணக்கில் சேர்க்கிறவர்.

"அப்ப நெஜமாவே செலவு பண்ணிட்டுப் போயேன்" என்றாள் மகாலட்சுமி.

நல்ல யோசனையாகப் பட்டது. இனி ஏறுகிற வண்டிக்கெல்லாம் காசு கொடுத்து ரசீது வாங்குவதென்று முடிவு செய்தார். ரசீதுப் புத்தகம் வேண்டுமே? போன வருஷத் தேர்த் திருவிழா நன்கொடைக்கு அச்சடித்து மிஞ்சிய புத்தகம் ஒன்று பரண்மேல் கிடந்தது. எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

முதலில் மாட்டியவர் டிராக்டர் பக்கிரி. இறங்கும்போது அய்யனார் இருபது ரூபாயை நீட்டினார்.

"இன்னாபா இது? எங்கிட்டயே காசு குடுக்கறியா?"

"வாங்கிக்க மாமா. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடு."

பக்கிரி புத்தகத்தைப் பார்த்தார். 'தேர்த் திருவிழா நன்கொடை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "நன்கொடை கேக்கறதுன்னா நேரா கேளேன், எதுக்குடா இருவது ரூபா குடுத்து ஆழம் பாக்கற?" என்று சொல்லிவிட்டு வண்டியை விரட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மொபெட்டில் பால் கேன் கட்டிக்கொண்டு போகும் காசம்மாளிடமும் இதேதான் நடந்தது. அய்யனார் சுற்றறிக்கையை முழுதாக வாசித்துக் காட்டினார். அவளுக்கு அதில் 'வரி' என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. சாயங்காலத்துக்குள் செய்தி குருவிநத்தம் முழுக்கப் பரவியது. கோயில் வரி வசூலிக்கிறார் அய்யனார், சாலையில் நின்று மறித்து எழுதுகிறார், ஜாக்கிரதை.

அதன்பிறகு ஒரு வண்டியும் நிற்கவில்லை. அவர் கையைத் தூக்கினால் டிராக்டர்கள் வேகமெடுத்தன. எதிரே வந்த மாட்டுவண்டி ஒன்று வந்த வழியே திரும்பிப்போனது. அய்யனார் வயல் வயலாக நடந்தார். எப்போதாவது பஸ் கிடைத்தது. நடப்பதற்கு யார் ரசீது கொடுப்பார்கள்? மாதக் கடைசியில் மொத்தச் செலவு நூற்றெண்பத்தாறு ரூபாய்.

கணக்குப் பிரிவு மஞ்சுளாவுக்கு அய்யனாரின் மகள் வயசு இருக்கும். அவள்முன் பஸ் டிக்கெட்டுகளைப் பரப்பிவிட்டு, "மீதி ரெண்டாயிரத்து முன்னூத்திப் பதினாலும்மா. எவ்ளோ வரி கட்டணும்னு சொல்லு. ஜெயிலுக்குப் போவமுடியாது" என்றார்.

மஞ்சுளா டிக்கெட்டுகளைப் பிரித்தாள். "வூட்லேருந்து ஆபீஸ் வர்றது இதுல சேராது சார். வயலுக்குப் போன டிக்கெட் மட்டும்தான்." கம்ப்யூட்டரில் தட்டினாள். அப்புறம் சிரித்தாள். "உங்களுக்கு மொத்தப் பயணப்படியையும் வருமானத்துல சேத்தாக்கூட வரி ஒண்ணும் வராது. வருஷச் சம்பளமே அந்த லிமிட்டுக்கு ரொம்பக் கீழ இருக்குது."

"அப்ப எதுக்கும்மா இந்த லெட்டர்?"

"எல்லாருக்கும் அனுப்பனது சார்."

அய்யனாருக்கு உயிர் வந்தது. ஆனால் எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தார்.

"ஒரு நூறு ரூபாகூட வராதா?"

"வராது சார்."

"ஒரு அம்பது?"

டீக்கடையில் "எனக்கு இன்கம் டாக்ஸ் வந்திருக்குது" என்று அவர் சொல்லிவைத்து மூன்று வாரமாகியிருந்தது. அன்றிலிருந்து கடைக்காரர் மற்றவர்களுக்கெல்லாம் பேப்பர் கப்பிலும் அவருக்கு மட்டும் கண்ணாடி டம்ளரிலும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். இதை மஞ்சுளாவிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த மாதம் மகாலட்சுமியிடம் கேட்டு வாங்கிய பணத்தில் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். நாற்பத்தெட்டு வயசில் வாய்க்கால் கரையில் ஓட்டக் கற்றுக்கொண்டார். மகாலட்சுமி பின்னால் கேரியரைப் பிடித்தபடி ஓடினாள். இரண்டு முறை அவர் விழுந்தார், ஒரு முறை இருவருமே விழுந்தார்கள். மாதக் கடைசியில் படிவத்தில், பஞ்சர் நாற்பது ரூபாய், முழங்கால் மருந்து முப்பத்தைந்து ரூபாய் என்று எழுதியனுப்பினார்.

மஞ்சுளா அதைத் திருப்பியனுப்பினாள். சிவப்பு மையில் குறிப்பு இருந்தது: பஞ்சர் சேரும், முழங்கால் சேராது.