"ஆள் மாறி வந்துட்டீங்க!"

என் கணவர் வளைகுடா நாட்டில் ஒரு வழக்கில் சிக்கி, மூன்று வருடமாகச் சிறையில் இருக்கிறார். மீதித் தண்டனையை நம் நாட்டுச் சிறையில் கழிக்கலாம் என்று தெரிந்து மனு போட்டிருந்தோம். மரக்காணம் உப்பளத்தில் என்னோடு வேலை செய்பவர்களிடம் மட்டும், "கம்பெனில லீவு தரல" என்றே சொல்லிவந்தேன்.

போன மாதம் உப்பு வாரிக்கொண்டிருந்தபோது, சாதாரண உடையில் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார்.

"ஜெயில்ல இருக்கற சேகரோட சம்சாரம் யாரும்மா?"

எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். கூட வேலை செய்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். "ஆள் மாறி வந்துட்டீங்க. என் வீட்டுக்காரர் கம்பெனில இருக்காரு" என்றேன். அவர் ஃபைலில் ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பினார்.

அதன்பிறகு எனக்குக் கை ஓடவில்லை. யார் அவர்? என்ன எழுதினார்? உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு வரப்பு வழியே ஓடினேன். நல்லவேளை, ரோட்டோர டீக்கடையில் நின்றிருந்தார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தவராம். எங்கள் மனுவுக்கான விசாரணையாம்.

"ஏம்மா, அவரு இந்த ஊர்க்காரர்தான்னு நீங்களே சொல்லலன்னா, அங்க இருந்து எப்படி அனுப்புவாங்க?"

"என் வீட்டுக்காரர்தான் சார்! ஜெயில்லதான் இருக்காரு!" என்று கத்தியேவிட்டேன். டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அவர் எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதினார்.

மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. போன் அடித்தாலே எழுந்து நிற்கிறேன். ஆனால், "வீட்டுக்காரர் எப்ப வர்றாரு?" என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் மழுப்புவதில்லை.

"சீக்கிரமே நம்ம ஊரு ஜெயிலுக்கு வந்துடுவாருங்க" என்கிறேன்.

- ஒரு வாசகி, மரக்காணம்